கம்ப்யூட்டர் சொன்னால் போதுமா?

"கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தோம் சார், சரியா வந்துடுச்சு." கடைசி வருஷ புராஜெக்ட் வைவாவில் நம் பசங்க பாதிப் பேர் சொல்லும் பதில் இது. அதோடு நிறுத்திக்கொள்வது தப்பு என்பது என் கட்சி. சாட்சிக்கு ஜெனீவா பக்கத்தில் பூமிக்கடியில் இருக்கும் ஒரு வளையத்தைக் கூப்பிடுகிறேன்.

செர்ன் ஆய்வுக்கூடத்தின் லார்ஜ் ஹேட்ரான் கொலைடர். சுற்றளவு சுமார் 27 கி.மீ. புரோட்டான்கள் அதை விநாடிக்கு 11,245 முறை சுற்றும். டிசைன்படி ஒரு கற்றையில் தேங்கும் ஆற்றல் 362 மெகாஜூல். அரை டன் தாமிரத்தை உருக்கிவிடலாம். ஆனால் அதை வளைக்கும் மீக்கடத்திக் காந்தங்களோ மைனஸ் 271 டிகிரியில் இருப்பவை. ஒரு கன சென்டிமீட்டரில் சில மில்லிஜூல் விழுந்தாலே மீக்கடத்தும் குணம் போய்விடும்.

கற்றையிலிருந்து கொஞ்சம் புரோட்டான் சிதறத்தான் செய்யும். லீக்கே கூடாது என்று படித்தவர்கள் நாம். இங்கே லீக் உண்டு. அது எங்கே விழவேண்டும் என்பதுதான் டிசைன். ஓரத்தில் திரியும் துகள்களை வழிமறிக்க 'காலிமேட்டர்' என்ற தாடைகளை வைத்திருக்கிறார்கள். அதையும் தப்பியவை எங்கே போய் இடிக்கும்? சிக்ஸ்ட்ராக் என்ற புரோகிராமில் பல லட்சம் புரோட்டான்களைக் காந்தம் காந்தமாக, 200 சுற்று வரை ஓடவிட்டு, குழாய்ச் சுவரில் முட்டும் இடத்தை 10 செ.மீ. துல்லியத்தில் குறித்தார்கள். அபாரமான வேலை, சந்தேகமே இல்லை.

ஆனால் பிரிண்ட் எடுத்து பைண்டிங் போட்டு முடித்துவிடவில்லையே! வளையத்தில் கொஞ்சமே கொஞ்சம் புரோட்டானை விட்டு, வேண்டுமென்றே குலுக்கிச் சிதறவைத்தார்கள். வளையம் நெடுக இருக்கும் 3,600க்கும் மேற்பட்ட அளவிகள் காட்டியதைக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். இடங்கள் பெரும்பாலும் பொருந்தின. அளவுதான் சில இடங்களில் பல மடங்கு இடித்தது. கணக்கில் எல்லாத் தாடையும் நேராக நிற்கிறது, நிஜத்தில் மயிரிழை கோணல் இருக்கும். அதோடு, அளவி எண்ணுவது புரோட்டானை அல்ல, அது முட்டித் தெறிக்கும் துகள் மழையை. இவற்றையும் சேர்த்த பிறகே கணக்கு நிஜத்தை நெருங்கியது.

இன்னொன்று. செப்டம்பர் 10, 2008 அன்று முதல் கற்றை சுற்றியது. ஒன்பதே நாளில் பெரிய விபத்து. அப்போது உள்ளே கற்றையே இல்லை. காந்தங்களுக்கு மின்சாரம் ஏற்றிப் பார்த்தபோது, இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஒரு சால்டர் இணைப்பு கைவிட்டது. சுமார் 200 நானோ ஓம் மின்தடைதான்! ஹீலியம் பீறிட்டு, 53 காந்தங்களை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. மறுபடி கற்றை சுற்ற நவம்பர் 2009 ஆனது. கற்றைக்குப் போட்ட எந்தச் சிமுலேஷனும் அந்த ஜாயிண்ட்டைப் பற்றிக் கேட்டிருக்காது. அது கைவேலை பார்ப்பவன் விஷயம், அதாவது நம்ம விஷயம். 2013-14இல் வளையத்தை நிறுத்தி, 10,000க்கும் மேற்பட்ட இணைப்புகளைப் பலப்படுத்தினார்கள்.

நானும் யோக்கியன் இல்லை நண்பர்களே. எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் புராஜெக்டில் சூடு எவ்வளவு ஏறும் என்று கம்ப்யூட்டரில் அழகாகக் கிராஃப் போட்டு வைத்திருந்தோம். லோடு கொடுத்துத் தெர்மாமீட்டர் வைக்கச் சொன்னவர் லேப் அட்டெண்டர் அண்ணன்தான். வைண்டிங் கணக்குப்படியே இருந்தது. டெர்மினல் பக்கம் கையே வைக்க முடியவில்லை. ஒரு ஸ்க்ரூ லூஸ்.