மூத்தம்மாவின் குரலும் நாலு தடப் பெட்டியும்

கிற்றார் பழகுகின்ற பெண்பிள்ளைகள் நிந்தவூரில் இருக்கிறார்கள் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். இருக்கிறார்கள். பெரும்பாலும் கதவு சாத்திய அறைக்குள், பகல் சாப்பாட்டுக்கும் அசர் பாங்குக்கும் இடைப்பட்ட நேரத்தில் பழகுகிறார்கள். ஆசிரியர் கிடையாது. போனில் வீடியோ பார்த்து விரல் வைக்கப் பழகியவர்கள். அப்படியான ஒரு தங்கச்சி என்னிடம், "மிஸ், நான் வாசிக்கிறது சரியா பிழையா என்று சொல்ல எனக்கு ஆள் இல்ல" என்றாள். அவளுக்குச் சொன்ன விடயத்தைத்தான் இந்த மாதம் எழுதுகிறேன். கிற்றாரைத் தொட்டே பார்க்காத சகோதரிகளும் தொடர்ந்து வாசியுங்கள். விடயம் கிற்றாரோடு நிற்கவில்லை.

நான் சொன்னது பல தட ஒலிப்பதிவுக் கருவி பற்றி. இசைக்காரர்கள் 'ட்ரெக்' என்று சொல்வதைத் தடம் என்று எழுதுகிறேன். சாதாரண ரெக்கோடரில் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்து பதியும். நடுவில் பிழைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல தடக் கருவியில் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக இருக்கும். மருதமுனைத் தறியில் நூல்கள் தனித்தனியாக ஓடிக் கடைசியில் ஒரு சாரனாக வருவதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு முதலாம் தடத்தில் கிற்றாரைப் பதியலாம். நாளைக்கு அதை இயர்போனில் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் பாடலாம். பாட்டுப் பிழைத்தால் பாட்டை மட்டும் அழிக்கலாம், கிற்றார் அப்படியே இருக்கும். சோறு வடிக்கவும் பிள்ளையைக் கூட்டிவரவும் நூறு தடவை எழும்ப வேண்டிய ஒரு பெண்ணுக்கு இதைவிட வசதியான முறை இல்லை.

முன்பெல்லாம் இப்படிப் பதிவதற்கு ஸ்ரூடியோவுக்குத்தான் போக வேண்டும். நமக்கென்றால் கொழும்பு. பஸ் காசு, துணைக்கு ஒரு ஆள், அங்கே முன்பின் அறியாத ஆண்கள். 1979 இல் ஜப்பானின் டியக் கம்பனி, சாதாரண கசெற்றிலேயே நாலு தடம் பதிகின்ற ஒரு பெட்டியை விற்பனைக்கு விட்டது. போர்ட்டாஸ்ரூடியோ என்று பெயர். கசெற்றை இரண்டு மடங்கு வேகத்தில், ஒரு பக்கமாக மட்டும் ஓட்டியதால் 60 நிமிடக் கசெற்றில் 15 நிமிடம்தான் கிடைத்தது. ஆனாலும் ஸ்ரூடியோ வீட்டு அறைக்குள் வந்துவிட்டது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன் அந்தப் பெட்டியை வைத்து அறையில் தனியாகப் பதிந்த பாட்டுக்கள்தான் 1982 இல் 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தட்டாக வெளிவந்தன.

நமக்குக் கொஞ்சம் நெருக்கமான கதையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986 இல் தாயோடும் சகோதரங்களோடும் அகதியாக லண்டனுக்குப் போனவர் மாதங்கி அருள்பிரகாசம். தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். இசை படிக்காத மாதங்கி, பாவித்த ஒரு நாலு தட ரேப் கருவியும் தாளம் அமைக்கும் ஒரு பெட்டியும் ஒரு மைக்கும் வைத்துக்கொண்டு ஆறு பாட்டுப் பதிந்தார். அதிலிருந்துதான் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்த பாடகியானார். 2005 இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டுக்குத் தகப்பனின் இயக்கப் பெயரையே வைத்தார். அவருடைய அரசியல் பேச்சு நம் ஊர்களில் பலருக்கு ஒத்துவராது. 1990 ஐக் கண்ட ஊர்கள் இவை, ஒத்துவர வேண்டும் என்று நானும் சொல்ல வரவில்லை. தாயின் கையில் ஒரு தையல் மெசின், மகளின் கையில் ஒரு பாவித்த ரேப் பெட்டி. அந்த இடம் மட்டும் எனக்குப் பிடிக்கும்.

இப்போது கசெற் இல்லை. உள்ளங்கையளவு பெட்டிக்குள் ஒரு சின்ன மெமரி காட். மைக் பெட்டியிலேயே இருக்கும். சிலதுக்கு இரண்டு, சிலதுக்கு நாலு பென்டோர்ச் பற்றரி போதும். 2022 இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனதே, அப்படியான நாளிலும் வேலை செய்யும். போனிலும் பல தடம் பதிகின்ற அப்கள் இருக்கின்றன, இலவசமாகவும் கிடைக்கின்றன. தொடங்குவதற்கு அதுவே போதும். ஆனால் நம் வீடுகளில் போன் ஒருவருக்குச் சொந்தமில்லை. தம்பி கேம் விளையாடுவான், சவூதியிலிருந்து கோல் வரும், யாராவது தட்டித் திறந்து கேட்பார்கள். பெட்டி என்றால் அந்தத் தொல்லை இல்லை.

பழகும் முறையைச் சொல்கிறேன். முதலில் மெட்ரோநோம் என்ற தாளச் சத்தத்தை வையுங்கள், ஆறுதலான வேகத்தில். மூன்று கோட் மட்டும் எடுத்து இரண்டு நிமிடம் வாசித்துப் பதியுங்கள். உடனே கேட்க வேண்டாம், அடுத்த நாள் கேளுங்கள். வாசிக்கும்போது மனம் முழுவதும் விரலில் இருக்கும், காது வேலை செய்யாது. அடுத்த நாள் கேட்டால் எந்தக் கோட் மாற்றும் இடத்தில் கை பிந்துகிறது என்று தெளிவாகத் தெரியும். அந்தத் தங்கச்சி தேடிய ஆசிரியர் இதுதான். சரியாக வந்த பதிவை வைத்துக்கொண்டு இரண்டாம் தடத்தில் பாட்டின் மெட்டை ஒற்றை ஒற்றைத் தந்தியாக வாசியுங்கள். தனியாகப் பழகும் பிள்ளைக்கு அப்போதுதான் கூட வாசிக்க ஒரு ஆள் கிடைக்கிறது.

சில கவனங்கள். பதியும்போது சத்தத்தின் அளவைக் காட்டும் விளக்கு சிவப்புக்குப் போகக் கூடாது. போனால் சத்தம் கிழியும், பிறகு திருத்த முடியாது. வயர் உள்ள இயர்போன் பாவியுங்கள். வயர் இல்லாத புளூடூத்தில் சத்தம் ஒரு கணம் பிந்தித்தான் காதுக்கு வரும், தாளம் தப்பிவிடும். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டும் பதிய வேண்டாம். முதல் தடத்தின் சத்தம் இரண்டாம் தடத்துக்குள்ளும் போய்விடும். சுனாமிக்குப் பிறகு கட்டிய சீமெந்து வீடுகளில் வெற்று அறை எதிரொலிக்கும். ஒரு மெத்தையைச் சுவரில் சாத்தி, உடுப்பு அலுமாரியைத் திறந்து வைத்தாலே பாதி சரி. ஃபேனை நிறுத்துங்கள். காகத்தையும் மீன்காரரின் ஹோர்னையும் நிறுத்த வழி எனக்குத் தெரியாது.

இசைக் கருவி மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்று அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்காவில் எலிசபெத் கொட்டன் என்ற கறுப்பினப் பெண் சிறுமியாக வீட்டு வேலை செய்து சேர்த்த காசில், 3 டொலர் 75 சதத்துக்கு ஒரு கிற்றார் வாங்கினார். இடக்கைக்காரி என்பதால் தலைகீழாகப் பிடித்துத் தானாகவே பழகினார். உலகப் பாட்டு வாசிக்கக் கூடாது என்று தேவாலயத்தில் சொல்லிவிட்டார்கள். கல்யாணம், பிள்ளை, வேலை என்று பல பத்து வருடம் கிற்றாரைத் தொடவில்லை. முதிய வயதில் அவர் வேலை செய்த சீகர் குடும்பம் இசைக் குடும்பமாக இருந்தது. அந்த வீட்டு மகன் மைக் சீகர் ஒரு ரேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு கொட்டனின் வீட்டுக்கே போய்ப் பதிந்தார். 1958 இல் இசைத்தட்டு வந்தபோது அவருக்கு 60 வயது தாண்டியிருந்தது. 1985 இல் கிரமி விருதும் கிடைத்தது.

கிற்றார் நம் மண்ணுக்கு அந்நியம் என்பவர்களுக்கும் ஒரு சொல். மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாண வீடுகளில் வயலினும் கிற்றாரும் இல்லாமல் ஆட்டம் இல்லை. 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினம் அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்தவர். தந்திக் கருவியான யாழைப் பற்றி 'யாழ் நூல்' எழுதி 1947 இல் வெளியிட்ட விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, நமக்கு அடுத்த ஊர்.

இனி மூத்தம்மா. நான் சொன்ன அந்தத் தங்கச்சியின் மூத்தம்மாவுக்குக் கவி தெரியும். நம் பகுதி முஸ்லிம் கிராமங்களின் கவிகளையும் தாலாட்டுக்களையும் நம்மூர்ச் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் பல வருடம் அலைந்து சேர்த்துப் புத்தகமாக்கியிருக்கிறார். அது பெரிய வேலை. ஆனால் புத்தகத்தில் சொல் இருக்கும், இழுத்துப் பாடும் ஓசை இருக்காது. அது பாடுகிறவரோடு போய்விடும்.

மூத்தம்மாவின் மகன் ஒருவர் 1990 இல் வயலுக்குப் போனவர், திரும்பவில்லை. ஜனாஸாகூட வீட்டுக்கு வரவில்லை. அதன் பிறகு அவர் பாடுவதை விட்டுவிட்டார். பேத்தி கிற்றாரைத் தட்டுவதைக் கேட்டுக் கேட்டு, ஒரு இரவு தானாகவே ஒரு தாலாட்டைத் தொடங்கினார். பேத்தி கேட்டு, சம்மதம் வாங்கி, மறுநாள் முதலாம் தடத்தில் பதிந்தாள். தாளச் சத்தம் வைக்கவில்லை. கவிக்கும் தாலாட்டுக்கும் நம் பெண்கள் மூச்சைத்தான் கணக்கு வைப்பார்கள், மெட்ரோநோம் அவர்களைத் திணறடிக்கும். இப்படியான பாட்டுக்குக் குரலை முதலில் பதிந்து, கிற்றார் பின்னால் போக வேண்டும். பாடப் பாடச் சுருதி இறங்கிக்கொண்டு போனதால் முழுக் கோட் பொருந்தவில்லை. ஒவ்வொரு கண்ணி முடிவிலும் ஒன்றிரண்டு தந்தியை மட்டும் தட்டி, துண்டு துண்டாக இரண்டாம் தடத்தில் பதிந்தாள். ஒரு கிழமை எடுத்தது.

மூத்தம்மா இயர்போனைக் காதில் வைத்துக் கேட்டார். ஒரு கண்ணியில் தன்னை அறியாமல் மகனின் பெயரைச் சொல்லியிருந்தார். "அந்த இடத்த எடுத்திரு புள்ள. மத்தது இரிக்கட்டும்" என்றார். இந்தக் கருவியில் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் குறித்துவிட்டு, அதை மட்டும் அழிக்கலாம். பேத்தி அப்படியே செய்தாள். பதிவில் அந்த இடத்தில் இப்போது கிற்றார் மட்டும் கேட்கிறது.

யுத்தத்திலும் சுனாமிக்குப் பிறகும் எத்தனை பேர் நம் முன்னால் ரெக்கோடர் வைத்தார்கள். நாம் சொன்னோம், அழுதோம், அவர்கள் கொண்டுபோனார்கள். சமூகவியல் படித்தபோது நேர்காணலுக்கு முன் சம்மதம் எடுக்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். நான் கண்ட அளவில் சம்மதம் என்பது ஒரு தாளில் ஒரு கையெழுத்து. பதிந்ததைத் திரும்பக் கேட்டு, இந்த இடத்தை எடுத்துவிடு என்று சொல்லும் உரிமையை அந்தத் தாள்களில் நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். மூத்தம்மாவுக்கு அந்த உரிமை ஒரு அறைக்குள், பேத்தியின் கையால் கிடைத்தது. ஆகவே யாருடைய குரலைப் பதிந்தாலும் முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். அழிக்கச் சொன்னால் போனில், கொம்பியூட்டரில் இருக்கின்ற பிரதிகளிலும் அழியுங்கள். கேட்காமல் யாருக்கும் வட்ஸப்பில் அனுப்ப வேண்டாம்.

புதுப் பெட்டி வாங்குவது எல்லோருக்கும் இயலாது. மாதர் சங்கத்தில் சீட்டுக் கட்டிப் பாவித்த ஒன்றை வாங்கலாம். பெட்டி பொதுவாக இருக்கட்டும், மெமரி காட் அவரவருக்குத் தனியாக இருக்க வேண்டும். தரமான பதிவில் ஒரு தடத்துக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 எம்பி பிடிக்கும், பெரிய காட் தேவையில்லை. சுனாமிக்குப் பிறகு அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் ஒரே பையில் எடுத்து வைத்திருக்கிறோம் அல்லவா, காட்டை அதற்குள் போடுங்கள். ஒரு பிரதியைக் கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கின்ற சொந்தக்காரர் வீட்டில், பெயரும் திகதியும் எழுதிக் கொடுத்து வையுங்கள்.