மருந்து அடிக்கிற டிரோன் ரெடி... வயலைப் ‘படிக்கிற’ டிரோன் எங்கே?

வயலுக்கு மேலே பறந்து மருந்து அடிக்கும் டிரோனை ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. அரசின் பணமும் அங்கேதான் போகிறது. 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘நமோ டிரோன் தீதி’ திட்டத்தின் இலக்கு, 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு டிரோன். ஒதுக்கீடு 1,261 கோடி ரூபாய். உரமும் பூச்சிமருந்தும் தெளிக்க வாடகைக்கு விடுவதுதான் திட்டம்.

நல்ல விஷயம்தான். ஆனா, வயலில் எந்தப் பக்கம் அடிக்கணும், எந்தப் பக்கம் வேண்டாம்னு யார் சொல்றது?

இலை சொல்லும் ரகசியம்

அதைச் சொல்லத்தான் மல்டிஸ்பெக்ட்ரல் கேமரா. நம்ம போன் கேமரா சிவப்பு, பச்சை, நீலம் மூன்றை மட்டுமே பார்க்கும். இது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் தனியாகப் பதிவு செய்யும். நல்லா இருக்கிற இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அகச்சிவப்பை அதிகமாகத் திருப்பி அனுப்பும். பயிர் வாடும்போது இந்த வித்தியாசம் குறையும். அதைக் கணக்கிட்டு வரும் எண்தான் ‘என்டிவிஐ’. இலை மஞ்சளாவதற்கு முன்பே பல நேரங்களில் இது காட்டிக்கொடுத்துவிடும்.

கேமராவும் பெருசு இல்லை. பிரான்ஸின் பேரட் நிறுவனம் கொண்டுவந்த ‘செக்கோயா’ கேமராவின் எடை 72 கிராம்தான்.

சாட்டிலைட் போதாதா?

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், நியாயமான கேள்விதான். ஆனா அதில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு ஏக்கர் நிலம் வெறும் 40 புள்ளிதான். மேகம் வந்தால் அதுவும் கிடையாது. தாழப் பறக்கும் டிரோன் சில சென்டிமீட்டர் வரை பிரித்துக் காட்டும். 2015-16 கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு விவசாயியிடம் இருக்கும் நிலம் சராசரியாக 1.08 ஹெக்டேர். சின்ன வயலுக்கு இந்தத் துல்லியம் ரொம்ப முக்கியம்.

கேமரா டாக்டர் இல்லை

இங்கேதான் உஷாரா இருக்கணும். பயிர் எங்கே சோர்ந்திருக்கு என்று கேமரா சொல்லும். ஏன் என்று சொல்லாது. தண்ணீர்ப் பற்றாக்குறையா, தழைச்சத்துக் குறைவா, பூச்சியா? வரப்பில் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். வெயில் மாறினால் எண்ணும் மாறும் என்பதால், ஒளி சென்சாரும் அளவுத் தட்டும் வைத்துச் சரிபார்க்கணும். இல்லாவிட்டால் கிடைப்பது கலர் கலரான படம் மட்டுமே.

என்ன செய்யலாம்?

குழுவுக்கு ஒரு கேமரா டிரோன் தேவையில்லை. வட்டாரத்துக்கு ஒன்று வாங்கி, பல குழுக்கள் பகிர்ந்துகொள்ளலாம். டிரோன் தீதிகளுக்கு ஏற்கெனவே 15 நாள் பயிற்சி இருக்கு. அதில் இந்த வரைபடத்தைப் படிப்பதையும் சேர்க்கலாம். 2022 பிப்ரவரி முதல் வெளிநாட்டு டிரோன்களை முழுசா இறக்குமதி செய்ய, சில விலக்குகள் தவிர, தடை இருக்கு. பாகங்களுக்குத் தடை இல்லை. அதனால் உள்நாட்டு டிரோனில் கேமராவைப் பொருத்துவது சாத்தியம்தான்.

பார்க்காமல் அடிக்கும் டிரோன், தேவையில்லாத இடத்திலும் மருந்தை வேகமாக அடிக்கும், அவ்ளோதான். அந்தச் செலவு விவசாயியின் பாக்கெட்டில் இருந்து போகும். மிச்ச மருந்து மண்ணிலும் தண்ணீரிலும் சேரும்.