அடுத்தவர் தோளில் ஏற்றிய சிலுவை

லெந்து காலம் தொடங்கிவிட்டது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, ஞாயிறுகளைக் கழித்துவிட்டால் நாற்பது நாள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் கறி, மீன் கிடையாது. கல்யாணத்தைத் தள்ளி வைப்பார்கள். சில அம்மாமார் தலையில் பூ வைப்பதில்லை. நல்ல பழக்கம்தான், நானும் கைக்கொள்ளுகிறேன். ஆனால் நாற்பது நாள் விட்டதெல்லாம் ஈஸ்டர் மத்தியானம் பிரியாணியோடு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. ஆண்டவர் கேட்டதோ திரும்பி வராத ஒன்றை. தன்னையே வெறுத்து, சுயத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அன்றன்றைக்குச் சிலுவையைத் தூக்கிக்கொண்டு தம் பின்னே வரவேண்டும் என்று அவர் சொன்னது லூக்கா 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த அன்றாடச் செலவைப் பற்றி எங்கள் சபைகளில் யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தாலும், செலவு எப்போதும் இன்னொருவர் தலையில் போய் விழுகிறது. அதுதான் என் ஆற்றாமை.

சீஷத்துவத்தைப் பற்றிப் பேச வருகிற பிரசங்கிமார் ஜெர்மனிக்குப் போகாமல் இறங்குவதில்லை. ஹிட்லர் ஆட்சியை எதிர்த்த ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் 1937-இல் சீஷத்துவத்தின் விலையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1939-இல் அமெரிக்காவில் பத்திரமாக இருந்திருக்கலாம், ஆனாலும் சொந்த நாட்டுக்கே திரும்பினார். 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி ஃப்ளாசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். கேட்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த மனுஷன் தூக்குமேடையில் ஏறின அன்றைக்கு சீஷனாகவில்லை. யூத வம்சத்தில் பிறந்த போதகர்களைச் சபை விலக்கக் கூடாது என்று 1933-லேயே நின்றவர். 1936-இல் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் அனுமதி போயிற்று. 1937-இல் அவர் நடத்திய குருத்துவக் கல்லூரியை ரகசியப் போலீஸ் மூடியது. 1940-இல் பொதுவில் பேசத் தடை, அடுத்த வருஷம் எழுதி வெளியிடவும் தடை. மாதா மாதம், வருஷா வருஷம், ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போனது. பிரசங்கத்தில் இந்த நடுப்பகுதி வருவதே இல்லை. தூக்குக் கயிறு மட்டும் வருகிறது. அது நமக்கு வசதியாகவும் இருக்கிறது, ஏனென்றால் நம்மை யாரும் தூக்கில் போடப் போவதில்லை. சம்பளமும் பேரும் போவது நாளைக்குக் காலையிலேயே நம் வாசலுக்கு வரக்கூடியது. அதைச் சொல்லத்தான் பயப்படுகிறார்கள்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு ஜெர்மனி வரை போக வேண்டிய அவசியமும் இல்லை. 1903-இல் பாளையங்கோட்டையில், பின்னாளில் பிஷப்பான அசரியாவும் அவரோடு இருந்தவர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். நம் ஆட்கள், நம் காணிக்கை, நம் நிர்வாகம் என்று தீர்மானித்து ஹைதராபாத் நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். இப்படிப்பட்ட ஊழியங்களுக்காகவே எங்கள் ஊர்களில் பிடியரிசி சேர்ப்பார்கள். மிசோரமிலும் 1910-இலிருந்து பெண்கள் ஒவ்வொரு சமையலுக்கும் ஒரு பிடி எடுத்து வைத்து சபையின் ஊழியத்தைத் தாங்கி வந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அம்மா அரிசியை அளந்து முறத்தில் கொட்டுவாள். புடைத்து, கல் பொறுக்கி, உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி அடுப்படி மூலையிலிருந்த தகர டப்பாவில் போட்டு மூடுவாள். அந்த ஒரு பிடி யார் சாப்பாட்டில் குறைந்தது? அப்பாவுக்கு வழக்கமான சோறு. எங்களுக்கும் வயிறு நிறைய. எல்லாரும் எழுந்த பிறகு பானையைச் சுரண்டிப் போட்டுக்கொண்டு உட்காருகிறவள் தட்டில்தான் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி கோவிலுக்குப் போய், குடும்பத் தலைவர் பெயரில் ரசீதாக வந்தது.

அம்மா மனதாரக் கொடுத்தாள், அதனால் அது காணிக்கை. அவள் ஒருத்தி பசித்ததை வீடே கொடுத்ததாகக் கணக்கு எழுதினார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இன்றைக்கும் உபவாச ஜெபத்துக்கு உட்காருகிறவர்களைத் திரும்பிப் பாருங்கள், பெரும்பாலும் பெண்கள். ஜெபம் முடிந்து வீட்டுக்குப் போய் உபவாசம் இருக்காதவர்களுக்குச் சமைக்கிறவர்களும் அவர்களே.

அதைவிடக் கொடுமை, குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனைப் பற்றி ஒரு பெண் அழுதுகொண்டே வந்து சொல்லும்போது நடக்கிறது. “பொறுத்துக்கோம்மா, இது ஆண்டவர் உனக்குத் தந்த சிலுவை” என்று சொல்லி, தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிடுகிறார்கள். என் காதால் கேட்டிருக்கிறேன். ஆண்டவரை யாரும் ஓர் அறைக்குள் பூட்டிப் போட்டு அடித்துச் சிலுவை சுமக்கப் பழக்கவில்லை. என்ன காத்திருக்கிறது என்று தெரிந்தே எருசலேமை நோக்கித் தாமாக நடந்தார். விரும்பி எடுத்தால்தான் அது சிலுவை. ஒருத்தி வாங்குகிற அடி அவளுடைய சிலுவையாக முடியாது, அது அடிக்கிறவனுடைய பாவம். அவனைக் கூப்பிட்டு, “தம்பி, நீ வெறுக்க வேண்டியது அந்தப் பாட்டிலை” என்று சொல்ல எங்கள் சபைப் போதகர்களான ஐயர்மாருக்கும் மூப்பர்மாருக்கும் நேரம் கிடைக்காதா?

சபை ஊழியர் விஷயமும் இப்படித்தான். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு சேவல் ஆயிரக்கணக்கில் போகிறது, எடுத்தவர் பெயரை மைக்கில் சொல்கிறார்கள். மைக்கைப் பிடித்து ஏலம் கூறுகிற சபை ஊழியருக்கு மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி. கேட்டால், ஊழியக்காரன் விசுவாசத்தில் வாழ வேண்டும் என்கிறார்கள். விசுவாசத்தில் வாழச் சொல்கிறவர்கள் எல்லாரும் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர்கள்.

வேலை விஷயத்தில்தான் எனக்குத் தூக்கமே கெடுகிறது. சபை ஒன்று நடத்துகிற, அரசு சம்பளம் தருகிற பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியர் இடம் காலியானது. எங்கள் உறவில் ஒரு பெண் எம்.எஸ்சி., பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் தேறினவள். போய்க் கேட்டதற்கு லட்சக்கணக்கில் ஒரு தொகை சொன்னார்கள். கட்டட நிதி என்று பெயர். அவள் அப்பா நிலத்தை விற்கத் தயாராக இருந்தார். அவள்தான், “இப்படி வாங்கின வேலையில நின்னுக்கிட்டு பிள்ளைகளுக்கு என்னத்தப்பா சொல்லிக் குடுக்க?” என்று மறுத்துவிட்டாள். இன்றைக்கு ஒரு தனியார் பள்ளியில், அந்தச் சம்பளத்தில் கால்வாசி கூட இல்லாமல், அதே பாடத்தை நடத்துகிறாள். தொகையைக் கட்டி அந்த இடத்தில் உட்கார்ந்தவர் முதல் மாதச் சம்பளத்தை அப்படியே காணிக்கை வைத்து, கர்த்தர் வாசலைத் திறந்தார் என்று சாட்சி சொன்னார். சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. கர்த்தருக்காகவே தன் வாசலை அடைத்துக்கொண்டவள் நாலு பெஞ்சு பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்காள் மாப்பிள்ளை, எங்கள் அத்தான், அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். ஃபைலோடு கவரும் சேர்ந்து மேசைக்கு வருகிற இடம். கவரைத் திருப்பிக் கொடுப்பது ஒரு நாள் வேலை என்றால் யாரும் செய்துவிடலாம். அங்கே சாயங்காலம் எல்லாருக்கும் பங்கு பிரிப்பார்கள். ஒருவர் பங்கு வாங்காவிட்டால் மற்ற எல்லாருக்கும் பயம் வந்துவிடும்: இவன் என்றைக்காவது காட்டிக் கொடுத்துவிடுவான். அதனால் அவரோடு டீ குடிக்க வரமாட்டார்கள். விடுப்பு கேட்டால் இழுத்தடிப்பார்கள். அவர் மேசைக்கு வந்த ஃபைலில் ஒரு தாள் காணாமல் போகும், விளக்கம் கேட்டு மெமோ வரும். கடைசியில் எங்காவது தூரத்துக்கு மாற்றல். இரண்டு ஊரில் இரண்டு அடுப்பு எரிந்தது. மூத்தவளைக் கல்லூரியில் சேர்க்க அக்காள் கை வளையலைக் கழற்றினாள். இதுதான் அன்றாடம் என்பது. தினமும் காலையில் அதே மேசைக்குப் போய், அதே கவரைத் தள்ளி வைத்து, அதே முகங்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டு வருவது.

சரி, அலுவலகம் அப்படித்தான் இருக்கும். கோவிலாவது அவரைத் தாங்கியதா? கோபுரம் கட்ட நிதி திரட்டினார்கள். கொடுத்தவர் பட்டியலைத் தொகை வாரியாக, பெரியதிலிருந்து சின்னதுக்கு வாசித்தார்கள். அத்தான் பெயர் கடைசிப் பக்கம் வந்தது. அதே அலுவலகத்தில் பங்கு வாங்கிய ஒருவர் பெயர் முதல் பக்கத்தில் வந்து, கல்வெட்டிலும் ஏறிவிட்டது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கமிட்டிக்காரர் ஒருவர் அக்காளிடமே, “பாவம், பிழைக்கத் தெரியாத மனுஷர்” என்றார். அத்தான் எதற்கும் முணுமுணுத்ததில்லை. வீட்டு வாடகை கட்ட நாள் எண்ணுகிறவள் அக்காள், அவள் மனது என்ன பாடுபட்டிருக்கும்? ஆதிச்சபையில் நிலத்தை விற்றவர்கள் பணத்தைக் கொண்டுவந்து இல்லாதவர்களுக்குப் பகிர்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். ஒருவனுடைய குறைவை மற்றவர்கள் சேர்ந்து ஈடுசெய்கிற ஏற்பாடு அது. நேர்மையாக இருந்ததால் நொடித்துப்போன குடும்பத்துக்கு எங்கள் சேகரத்துச் சபைகளில் அப்படி ஒரு நிதி உண்டா? கொடிமரத்துக்கு நிதி இருக்கிறது, குளிர்சாதனத்துக்கு நிதி இருக்கிறது.

இவர்கள் எல்லாரையும்விடப் பெரிய விலையைக் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் தலித் கிறிஸ்தவர்கள். 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியல் சாதி உரிமையை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். சேர்க்க வேண்டுமென்று தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டும் ஒன்றும் நகரவில்லை. நம் மாநிலத்தில் அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கல்லூரி விண்ணப்பத்தில் மதம் என்ற கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுகிற ஒவ்வொரு முறையும் தலித் கிறிஸ்தவப் பிள்ளை ஒரு சலுகையை இழக்கிறது. சாதியைச் சொல்லி யாராவது அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது. அடிக்கிறவன் இவன் ஞானஸ்நானச் சர்ட்டிபிகேட்டைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

இத்தனையையும் இழந்து விசுவாசத்தில் நிற்கிறவர்களைச் சபை தலையில் வைத்துக் கொண்டாட வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் சாதிக்கொரு பக்கமாக நடுச்சுவர் வைத்த கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது, உடனே விட்டாக வேண்டும் என்று கடிதம் எழுதினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதியை விட மனமில்லாமல் சபையை விட்டே போனவர்கள் அநேகர். இப்போது யாரும் வெளியே போவதில்லை. உள்ளேயே இருந்துகொண்டு, கல்யாண விளம்பரத்தில் சபையின் பெயரையும் சாதியின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடிக்கிறார்கள். கறியை நாற்பது நாள் விடத் தெரிந்த நமக்கு இதை ஒரு நாள் விடத் தெரியவில்லை. தன்னை வெறுப்பது என்றால் முதலில் விட வேண்டியது இதுவல்லவா?

வருகிற ஞாயிறு சேகரக் கமிட்டி கூடுகிறது. எந்தத் தெருவில் எந்தக் கிழமை லெந்து ஜெபக்கூட்டம், காணிக்கைக் கவர் எத்தனை அச்சடிப்பது என்று பேசப் போகிறார்கள். அதற்கு முன்னால் சபை ஊழியருடைய பாக்கியைக் கோபுர நிதியிலிருந்து எடுத்துக் கொடுங்கள். வேலைக்குப் பணம் வாங்குவதைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அடிபட்டு வருகிற பெண்ணோடு போலீஸ் ஸ்டேஷன் வரை போக பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இரண்டு பேரை நியமியுங்கள். பட்டியலைத் தொகை வாரியாக வாசிப்பதை நிறுத்துங்கள். இதையெல்லாம் எழுதி ஐயர் கையில் கொடுத்துவிட்டேன். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

அத்தானின் இளைய மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். போன வாரம் வந்தவர்களும் நம் சபையார்தான். இத்தனை வருஷம் அந்த உத்தியோகத்தில் இருந்து ஒரு வீடு கூடக் கட்டவில்லையா என்று கேட்டுவிட்டு, எத்தனை பவுன் என்றார்கள். பவுனும் சாதியும் கேட்காத ஒரு குடும்பம் எங்கள் சேகரத்தில் இருந்தால் ஐயரிடம் சொல்லி அனுப்பட்டும். பெண் பி.காம். படித்திருக்கிறாள், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறாள்.