முதல் நாளில் வெறும் 6 பேர்: அமெரிக்க அரசின் இணையதளம் ஏன் படுத்தது?

2013 அக்டோபர் 1. 'ஒபாமாகேர்' மருத்துவக் காப்பீட்டில் சேர, ஹெல்த்கேர்.கவ் தளம் திறந்தது. லட்சக்கணக்கானோர் குவிந்தார்கள். முதல் நாளில் கடைசிப் படிவரை போய்ச் சேர முடிந்தவர்கள்? 6 பேர்!

'சர்வர் தாங்கலை, அவ்வளவுதானே?' இல்லை. சிக்கல் அதுக்கும் முன்னாடியே ஆரம்பித்துவிட்டது.

வாட்டர்ஃபாலா, அஜைலா?

அரசுத் திட்டங்களுக்குப் பழகிய வழி 'வாட்டர்ஃபால்'. தேவைகளை முழுசாக எழுதி, ஒப்பந்தம் போட்டு, கோடிங் முடித்து, கடைசியில் சோதனை. 'அஜைல்' என்பது சின்னச் சின்னப் பகுதியாகக் கட்டி, பயனரிடம் காட்டி, திருத்திக்கொண்டே போவது.

இந்தத் தளத்துக்குப் பொறுப்பான சிஎம்எஸ் அமைப்பு, தனக்குப் புதிதான படிப்படி முறையைத்தான் கையில் எடுத்தது. அப்புறம் ஏன் சொதப்பியது?

பெயர் மட்டும் புதுசு

தேவைகள் மாறிக்கொண்டே இருந்தன. திறப்பு நாள் மட்டும் நகரவில்லை. பல நிறுவனங்கள் தனித்தனியாகச் செய்ததை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் முழுச் சோதனை, கடைசி இரண்டு வாரத்தில்தான் நடந்தது. அதாவது அஜைலின் உயிர்நாடியான 'அடிக்கடி சோதி, சீக்கிரம் திருத்து' என்பதே இல்லை.

செலவும் ஏறியது. 2011 செப்டம்பரில் 5.6 கோடி டாலராக இருந்த முக்கிய ஒப்பந்தம், 2014 பிப்ரவரிக்குள் 20.9 கோடியைத் தாண்டியது என்கிறது அமெரிக்க அரசுத் தணிக்கை அமைப்பான ஜிஏஓ.

எப்படி மீண்டது?

அக்டோபர் கடைசியில் ஒரு மீட்புக் குழு வந்தது. கூகுளில் இருந்து வந்த மைக்கி டிக்கர்சனும் அதில் ஒருவர். தளம் எங்கே திணறுகிறது என்று உடனுக்குடன் காட்டும் கண்காணிப்பு, தினமும் ஸ்டாண்ட்-அப் கூட்டம், 'யார் தப்பு' என்பதைவிட 'எப்படிச் சரிசெய்வது' என்ற பேச்சு. 2014 ஏப்ரலுக்குள், மாநிலத் தளங்களையும் சேர்த்து, சுமார் 80 லட்சம் பேர் பதிவு செய்தார்கள்.

நமக்கு என்ன?

ஒரு ஷாப்பிங் ஆப் படுத்தால் வேறு ஆப்புக்குப் போய்விடலாம். அரசுத் தளத்துக்கு அவ்வளவு எளிதான மாற்று கிடையாது. காப்பீடு இல்லாத நோயாளி, அது சரியாகும்வரை காத்திருக்க நேரிடலாம்.

அதனால் அடுத்த முறை 'நாங்க அஜைல்தான்' என்று ஒரு துறை சொன்னால், ஒரே ஒரு கேள்வி போதும்: சாதாரண மக்கள் கையில் இதை முதன்முதலா எப்போ கொடுத்துப் பார்த்தீங்க?