ஆயா வேலைக்கு எம்.ஏ.வா?

போன வாரக் கல்யாணத்தில் என் அக்கா பேத்தி, மழலையர் கல்வியில் எம்.ஏ. சேரப் போவதாகச் சொன்னாள். பந்தியில் ஒரே சிரிப்பு. "ஆயா வேலைக்கு எம்.ஏ.வா?" சிரித்தவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பிளஸ் டூ பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர எம்.எஸ்சி., பி.எட். கேட்கிறோம். விரலில் வலு வராத மூன்று வயதுப் பிள்ளையை நாலு கோடு நோட்டில் எழுத வைக்கிறவரிடம் என்ன படித்தீர்கள் என்று கேட்பதில்லை. பேச்சு தாமதமாகும் பிள்ளையை எப்படிக் கண்டுகொள்வது? நான் படித்த பி.எட்.டில் அது இல்லை.

2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. தொடங்கி இடைநிலை ஆசிரியர்களை அனுப்பியபோது, பதவி இறக்கம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். நானும் அவர்கள் பக்கம்தான் பேசினேன். சின்னப் பிள்ளைகளிடம் போவது எப்படி இறக்கமாகும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாண்டிசோரி அம்மையார் டாக்டருக்குப் படித்தவர். 1939-இல் இந்தியாவுக்கு வந்து, அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் பெயரை போர்டில் எழுதிவிட்டு, கிடைத்த சம்பளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள். சம்பளம் போதாது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். படிப்பைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

முதல் வருஷ ஃபீஸ் நான் கட்டுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.