வரையும் கை ஊருக்கு உதவட்டும்

ஓவியப் போட்டி என்று அறிவித்துவிட்டால் நம் மாணவச் செல்வங்கள் வரைந்து தருவது பெரும்பாலும் ஒரே காட்சியாகவே இருக்கும். இரண்டு மலைகள், அவற்றின் நடுவே எழும் கதிரவன், கீழே ஓர் ஆறு, கரையில் ஒரு தென்னை, அதனருகே ஒரு குடிசை. நிபோங் திபாலில் வாழும் நாம் கிரியான் ஆற்றை நாள்தோறும் காண்கின்றோம். ஆயினும் நம் தாளில் ஓடுவது அந்த ஆறன்று. பரிசு வழங்கப்பெறும், நற்சான்றிதழ் வீட்டுச் சுவரில் மாட்டப்பெறும், படமோ அலமாரிக்குள் போய்ச் சேரும். இதனைக் குறையாக நாம் கூறவில்லை. பிஞ்சுக் கை பழகுவதற்கு மலையும் கதிரவனும் வேண்டியவையே. ஆனால், அவ்வாறு பழகிய கைக்குப் பின்னர் என்ன வேலை என்பதே நாம் எழுப்பும் வினா.

எழுத்தையும் படத்தையும் வண்ணத்தையும் இணைத்து, பார்ப்பவர் ஒரு செய்தியை நொடியில் உணருமாறு அமைக்கும் கலையை இன்று வரைகலை என்று வழங்குகின்றோம். கடையின் பெயர்ப்பலகை, மருந்துப் புட்டியின் ஒட்டுத்தாள், திருவிழா அறிவிப்பு, சாலைக் குறியீடு ஆகிய யாவும் அதன் பிள்ளைகளே. பணம் படைத்தவர்க்கு இக்கலை நன்றாகவே உழைத்து வந்திருக்கின்றது. இனிப்புப் பானத்தையும் வெண்சுருட்டையும் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தது இதுவே. அதே கலைதான் 2009ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் வெண்சுருட்டுப் பெட்டியின் மேல் வாய்ப் புற்றுநோயின் படமாக அமர்ந்து, வாங்குவோரை அச்சுறுத்தவும் செய்கின்றது.

தோட்டப்புற மக்களாகிய நமக்கு இஃது உயிரோடு ஒட்டிய செய்தியாகும். நம் வட்டாரத்தில் முதலில் கரும்பும், பின்னர் ரப்பரும், அதன்பின் செம்பனையும் வளர்ந்தன. களைக்கொல்லி மருந்து வந்த நாள்தொட்டு அதனை முதுகில் சுமந்து அடித்தவர் பெரும்பாலும் நம் தாய்மார்களே. புட்டியின் மேல் எச்சரிக்கை இல்லாமலில்லை. அது சிறிய எழுத்தில், அவர்கள் படித்தறியாத மொழியில் இருந்தது. பேராகுவாட் என்னும் களைக்கொல்லியைப் பெரியோர் பலர் அறிவர். அதில் ஒரு மிடறு உள்ளே சென்றாலும் உயிர் போகக்கூடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. தொடக்கத்தில் அது கரும்பழுப்பு நிறத்தில் இருந்தது. மிஞ்சியதைப் பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கமும் இருந்தபடியால், கோலாப் பானமென்று எண்ணிக் குடித்து மாண்டவர்கள் பல நாடுகளில் உண்டு. பின்னரே அதனுள் நீலச் சாயமும், முகஞ்சுளிக்க வைக்கும் நாற்றமும், வாந்தி வருவிக்கும் பொருளும் சேர்க்கப்பட்டன. ஓர் எழுத்துக்கூட இல்லாமல், ‘இது குடிக்கும் பொருளன்று’ என்பதை அந்த நீலம் குழந்தைக்கும் சொல்லிவிட்டது. இதனையும் நாம் வரைகலை என்றே கொள்வோம்.

நிறம் ஒன்றே போதுமாயிற்று என்று யாரும் எண்ணிவிட வேண்டா. பேராகுவாட்டுக்கு மலேசியா 2002இல் தடை விதித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 சனவரி முதல் நாளிலிருந்தே முற்றாகத் தடை செய்தது. பூச்சிமருந்துகளின் தீங்கை எதிர்த்து உலகெங்கும் பணியாற்றும் வலையமைப்பு 1982ஆம் ஆண்டில் நம் பினாங்கில்தான் தோன்றியது என்பதையும் இங்கு நினைவூட்டுகின்றோம். அப்படியிருந்தும் சட்டம் வந்து சேர இத்தனை ஆண்டுகள் ஆயின. சட்டம் வரும் வரையில் மக்களைக் காக்க ஒரு நல்ல படமாவது வேண்டாமா?

அத்தகைய படங்கள் இல்லாமற் போகவில்லை. 1980களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு சில குறும்படங்கள் வகுக்கப்பட்டன. கையுறை ஒன்று, காலணி ஒன்று, குழாயடியில் கழுவும் கைகள், பிள்ளைக்கு எட்டாதவாறு பூட்டிய பேழை என்பன அவை. மருந்துக் கலன்களின் அடியில் வரிசையாக நிற்கும் அப்படங்களை மாணவர்கள் ஒருமுறை உற்று நோக்க வேண்டும். (தொடாமல், பெரியவர் ஒருவர் துணையோடு மட்டுமே!) இன்று தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் வேலை செய்கின்றனர். அவர்கள் அனைவர்க்கும் ஒருசேர விளங்கும் மொழி, அந்தக் கையுறைப் படமன்றி வேறென்ன?

படம் விளங்க வேண்டுமானால், பார்ப்பவர் கண் முன்னரே அறிந்த பொருளாக அஃது இருத்தல் வேண்டும். இதற்கு இந்தியாவின் தேர்தல் சின்னங்களைக் காட்டிலும் நல்ல சான்று இல்லை. அங்கு 1951-52இல் முதற் பொதுத்தேர்தல் நடந்தபோது வாக்காளர் 17 கோடிக்கும் மேற்பட்டோர். எழுதப் படிக்கத் தெரிந்தவரோ நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேரே. எனவே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு சின்னம் கொடுத்து, அதனை ஒட்டிய தனித்தனிப் பெட்டிகளை வைத்தனர். தேர்தல் ஆணையத்தில் எம். எஸ். சேத்தி என்னும் வரைவாளர் பென்சிலால் வரைந்த மிதிவண்டியும் சீப்பும் துடைப்பமும் போன்ற எளிய பொருள்களே மக்களாட்சிக்கு எழுத்துகளாயின. அழகுக்காக மயிலையும் மானையும் தேடி அவர்கள் அலையவில்லை; வீட்டுக்குள் நோக்கினர். நம் மலாயாவில் 1955இல் நடந்த முதற் பொதுத்தேர்தலிலும் கூட்டணிக் கட்சியின் பாய்மரக் கப்பலைப் பார்த்தே வாக்களித்த பாட்டன்மார் பலர் இருந்திருப்பர்.

நிற்க. ஒரு நாட்டில் விளங்கும் படம் மற்றொரு நாட்டில் விளங்காமற் போவதும் உண்டு. 1920களில் வியன்னா நகரில் ஓட்டோ நியூராத் என்பார், புள்ளிவிவரங்களைப் பாமரரும் அறியுமாறு சிறு உருவப் படங்களாக வரையும் முறையொன்றைத் தொடங்கினார். அவர் மறைந்த பின் அப்பணியைத் தொடர்ந்த அவர்தம் துணைவியார் மேரி நியூராத், 1950களில் மேற்கு நைசீரியாவுக்குச் சென்று அரசாங்கத்தின் நலவாழ்வு, கல்வி நூல்களுக்குப் படம் அமைத்தார். ஐரோப்பாவில் வரைந்த உருவங்களை அப்படியே கொண்டுபோய் ஒட்டிவிடாமல், அங்குள்ளோர் வாழும் வீட்டையும் உடுக்கும் உடையையும் கண்டறிந்து அவற்றை மாற்றி வரைந்தார். கேட்டு வரைதல் என்னும் இப்பண்பைத்தான் நம் மாணவர்கள் முதலில் பயில வேண்டும் என்பது எங்கள் துணிபு.

டிங்கிக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். உயிரைப் பறிக்கும் வகை டிங்கி நம் நாட்டில் முதன்முதல் பரவியது 1962இல், இதே பினாங்கில். அன்று தொட்டு எத்தனையோ சுவரொட்டிகள் வந்துவிட்டன. அவற்றுட் பலவற்றில் கொசுவைக் காக்கையளவுக்கு வரைந்து வைக்கின்றனர். பார்க்கும் பாட்டி, ‘நல்ல வேளை, நம் வீட்டில் இத்தனை பெரிய கொசு இல்லை’ என்று நிம்மதியாகப் போய்விட்டால் யாரைக் குறை கூறுவது? வரைய வேண்டியது கொசுவையன்று. வீட்டின் பின்புறம் மழைநீர் நின்ற பழைய வண்டிச் சக்கரத்தையும், மூடி இல்லாத வாளியையும், பூச்சட்டியின் அடித்தட்டையும் வரைய வேண்டும். அவை அந்தப் பாட்டியின் வீட்டிலேயே இருப்பவை. பார்த்தவுடன் கை தானே சென்று தண்ணீரைக் கவிழ்க்கும்.

பெரியோர் வைக்கும் பதாகைகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவிடுகின்றோம். மனம் நோக வேண்டா. இலவச மருத்துவச் சோதனைக்கு ஒரு பதாகை கட்டினால், திறந்து வைப்பவர் முகம் முக்கால் பங்கும், அவர்தம் பட்டங்கள் எஞ்சிய பங்கும் பிடித்துக்கொள்கின்றன. எந்த நாள், எந்த மண்டபம், எத்தனை மணி என்பவை மூலையில் எறும்பாக ஊர்கின்றன. இரத்த அழுத்தம் உள்ள முதியவர்க்கு வேண்டியது அந்த எறும்புதானே! ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், நாளையும் இடத்தையும் பெரிதாக எழுதுங்கள் என்று சொல்லியிருப்பான்.

‘ஓவியம் சோறு போடுமா?’ என்று பெற்றோர் கேட்கின்றனர். அக்கேள்வியில் இருக்கும் கவலையை நாம் மதிக்கின்றோம். கணினி வந்த பின் வரைகலை பலருக்கு ஊதியம் தரும் தொழிலாகியிருப்பது உண்மையே. ஆயினும் நாம் இங்கு வேண்டுவது தொழிலையன்று. நாளை தாதியாகவோ, தோட்ட மேலாளராகவோ, கடைக்காரராகவோ ஆகப்போகும் பிள்ளைக்கும், தன் செய்தியைப் படிக்காதவர்க்கும் விளங்கும்படி ஒரு தாளில் அமைக்கத் தெரிதல் நலமே.

ஆகவே ஒன்று முன்மொழிகின்றோம். சிற்றுண்டிச்சாலையின் பக்கச் சுவரைக் காட்சிக்கலை மாணவர்க்கென்று ஒதுக்கித் தருக. என்ன வரைவது என்பதை ஆசிரியர் முடிவு செய்ய வேண்டா. மாணவர்கள் வீடுதோறும் சென்று, எது தெரியாமல் இடர்ப்பட்டீர்கள் என்று கேட்டு வரட்டும். வரைந்த படத்தை முதலில் சிறு தாளில், படிக்கத் தெரியாத மூவரிடம் காட்டட்டும். மூவரும் தாமே பொருள் சொன்னால் சுவருக்கு ஏறட்டும். ஒருவர் தடுமாறினாலும் மீண்டும் வரையட்டும். அடுத்த பள்ளி விடுமுறைக்குள் அச்சுவருக்கு வெள்ளையடித்துத் தருமாறு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரைக் கேட்டுக்கொள்கின்றோம். தூரிகையை மாணவர்கள் கொண்டு வருவர்.