குழந்தை போதுமா என்று கேட்காதீர்கள்

"எத்தனை குழந்தை?"

"ரெண்டு."

"அப்புறம் எதுக்கும்மா கர்ப்பப்பை? எடுத்துடலாம்."

புதுச்சேரி நகரத்து மருத்துவமனை ஒன்றில் எனக்குக் கிடைத்த ஆலோசனை இவ்வளவுதான். எனக்கு வயது 32. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கருப்பை இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் நின்றால் அடிவயிறு கனக்கும், இருமினால் சிறுநீர் கசியும். "வேறு வழி இல்லையா?" என்றேன். "நெட்ல படிச்சிட்டு வந்தீங்களா?" என்றார்கள். ஆய்வு மாணவி என்பதால் அந்தக் கேள்வியையாவது கேட்க முடிந்தது.

என் அம்மா அதையும் கேட்டதில்லை. பாகூர்ப் பக்கம் நாற்று நட்டவர். என்னைப் பெற்ற இருபதாம் நாள் சேற்றில் இறங்கியவர். "அடி இறங்கிடுச்சு" என்று பெண்களுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டு, பழந்துணியை மடித்துக் கட்டிக்கொண்டு களை எடுத்தார்.

"நோய்க்கு ஏது சாதி?" என்று முற்போக்குத் தோழர்களே கேட்கிறார்கள். கருப்பையைத் தாங்கும் தசைகளும் தசைநார்களும் பிரசவத்தில் தளர்கின்றன. அவை ஆறுவதற்குள் சுமை தூக்கினால் இறக்கம் மோசமாகும். பிரசவித்த பிறகு யார் படுத்திருக்கலாம், யார் குனிந்து நாற்று நட வேண்டும் என்பதை இந்த ஊரில் முடிவு செய்வது எது? 2017இல் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். சேரியிலிருந்து தினக்கூலிக்கு வயலுக்குப் போகும் பெண்ணுக்கு அதில் ஒரு நாள்கூட இல்லை.

எடுத்துவிட்டால் தீர்ந்தது என்பதும் அரை உண்மையே. கருப்பை போனாலும் தளர்ந்த தசை தளர்ந்தபடிதான் இருக்கும். பிறப்புறுப்பின் மேல்பகுதி பிறகு இறங்கலாம். தொடக்க நிலையில் இடுப்புத்தளப் பயிற்சி உதவும். உள்ளே பொருத்தி, கழற்றிக் கழுவி, மறுபடி பொருத்தக்கூடிய சிலிக்கான் வளையம் இருக்கிறது. கருப்பையை அகற்றாமல் தூக்கிக் கட்டும் அறுவை சிகிச்சைகளும் உண்டு. அவற்றில் முன்னோடிகள் பம்பாய் மருத்துவர்களான ஷிரோத்கரும் புரந்தரேயும். இவை எதுவும் எனக்குச் சொல்லப்படவில்லை.

மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் 2019இல் கரும்பு வெட்டும் 82,309 பெண்களிடம் கணக்கெடுத்தபோது 13,861 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. தேவையற்ற கருப்பை அகற்றங்களுக்கு எதிராக மருத்துவர் நரேந்திர குப்தா 2013இல் தொடர்ந்த வழக்கில், அதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் ஏற்கும்படி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்த வழக்கிலும் பாதிக்கப்பட்டவர்கள் பெருமளவில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண்கள். நேபாள உச்ச நீதிமன்றமோ 2008இலேயே கருப்பை இறக்கத்தைப் பெண்களின் உரிமைப் பிரச்சினை என்று அறிவித்துவிட்டது. நம் இயக்க மேடைகளில் இதைப் பேசி நான் கேட்டதில்லை.

ஒரு தோழர் என்னிடம் சொன்னார்: "பெரியாரே பிள்ளைப்பேறு வேண்டாம்னுதானே சொன்னார், எடுத்துட்டுப் போங்க." பிள்ளைப்பேறு பெண்ணை அடிமையாக்குகிறது என்று பெரியார் சொன்னார்தான். அவர் கேட்டது பெண்ணின் விடுதலை. அவளைக் கேட்காமல் அடுத்தவர் எடுக்கும் முடிவுக்கு அவர் பெயரைத் துணைக்கு இழுக்காதீர்கள். எல்லா வழிகளையும் தெரிந்துகொண்டு ஒருத்தி கருப்பையை அகற்றிக்கொண்டால் அது அவள் உரிமை. சிலருக்கு அதுவே சரியான சிகிச்சை. தெரியவிடாமல் எடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

வேறொரு மருத்துவர் எனக்கு வளையம் பொருத்தினார். அதை அம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்படி ஒண்ணு இருக்குன்னு யாருமே சொல்லலியேடி" என்றார்.

புதுச்சேரியின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த வளையம் இருக்க வேண்டும். பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட் இருக்க வேண்டும். கையெழுத்து வாங்குவதற்கு முன் எல்லா வழிகளையும் தமிழில் விளக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதும் தோழர்களே, இந்த மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.